தேறி வருகிறவனைப் பற்றிப் பேசுவது

தற்காப்பு ஆட்டக்காரனைப் பற்றிப் பேச மலேசியத் தமிழ் ரசிகர்களிடம் மூன்று வாக்கியங்கள்தான் இருக்கின்றன. முதலாவது, “நம்ம பையன்டா!” இரண்டாவது, “ஓட்ட வாளி லா இவன்.” மூன்றாவது, “நம்மாளுக்கெல்லாம் எங்க எடம் குடுக்கப் போறானுங்க.” பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையோரக் கடைகளிலும், கிள்ளானில் பெரிய திரை வைத்திருக்கும் மாமாக் கடைகளிலும் பல வருடமாக ஆட்டம் பார்த்து வருகிறேன். தே தாரிக் ஆறுவதற்குள் இந்த மூன்றும் வந்துவிடும். சில சமயம் ஒரே ஆட்டத்தில், ஒரே ஆளைப் பற்றியே மூன்றும் வரும்.

வராதது நான்காவது வாக்கியம். “பையன் தேறி வரான்.”

நம்மிடம் இந்தச் சொல் இல்லாமலில்லை. காய்ச்சலில் கிடந்தவன் தேறுகிறான். பரீட்சையில் பிள்ளை தேறுகிறது. கடை மூடும் நேரத்தில் கல்லாவைப் பார்த்து ‘எவ்வளவு தேறும்?’ என்கிறோம். மெதுவாக, கண்ணுக்கு அகப்படாமல், மோசத்திலிருந்து நல்லதுக்கு நகரும் ஒன்றைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் கிடையாது. ஆனால் ஆட்டக்காரன் என்று வந்துவிட்டால் இதன் எதிர்மறையைத்தான் எடுக்கிறோம். “தேற மாட்டான்.” “தேறாத கேஸு.” பத்தொன்பது வயசுப் பையனை இருபதே நிமிடத்தில் தேறாத கேஸாக்கி விடுகிற வேகம் வேறு எந்தத் தொழிலிலும் இருக்காது.

இந்தக் கட்டுரை அந்த ரசிகப் பேச்சைப் பற்றியது. அதை ஒரு விமர்சன வகையாகவே எடுத்துக்கொள்கிறேன். சிற்றிதழில் எழுதுவது மட்டும் விமர்சனம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு “அவன் ஏன் அங்க நின்னான்?” என்று கேட்பதும் விமர்சனம்தான். நல்ல கேள்வியும்கூட. அதற்குப் பதில் தேடுவதற்குள் அடுத்த ரொட்டி சானாய் வந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

கோல் போடுகிறவனைப் பற்றிப் பேசப் பெரிய பயிற்சி வேண்டாம். 1975இல் சிலாங்கூர் அணி ஆர்சனலை 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் மொக்தார் டஹாரி போட்டவை. இதைச் சொல்ல அன்று பிறந்திருக்கவே தேவையில்லை. கோலுக்கு ஒரு கதையின் வடிவம் இருக்கிறது. தொடக்கம், ஓட்டம், முடிவு. எழுந்து நின்று கை காலை ஆட்டிச் சொல்லிவிடலாம். அந்த ஆட்டத்தில் ஆர்சனலைக் கோல் போட விடாமல் நிறுத்தியவர்களும் பதினொருவரில் சிலர்தானே? அவர்கள் செய்ததை யாரும் எழுந்து நின்று சொல்லி நான் கேட்டதில்லை. நடக்காமல் போன ஒன்றை எப்படிக் கதையாகச் சொல்வது?

பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சோ சின் ஆன் என்றால் ‘தவுக்கே’ என்பார்கள். சந்தோக் சிங் என்றால் “அவர் நின்னா ஈ கூடத் தாண்டாது தம்பி” என்பார்கள். மியூனிக் ஒலிம்பிக் காலத்துத் தற்காப்புச் சுவரான எம். சந்திரனின் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள். பட்டப்பெயர், ஈ, பெருமூச்சு. அவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது. இவர்கள் எப்படி அப்படி ஆனார்கள், முதல் வருடத்தில் என்னென்ன தப்பு செய்தார்கள், எதை யாரிடமிருந்து கற்றார்கள் என்பது நம் நினைவில் இல்லை. பிறக்கும்போதே சுவராகப் பிறந்தவர்கள் மாதிரி பேசுகிறோம். அப்படிப் பேசுவதால்தான் இன்று இடறுகிற பையன் நமக்குச் சுவராகத் தெரிவதேயில்லை.

2016இல் வந்த ‘ஓலா போலா’வும் இந்த இடத்தில் நம்மைப் போலத்தான். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்று, ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் புறக்கணிப்பு நடந்ததால் போக முடியாமல் போன நம் தேசிய அணியின் உந்துதலில் சியூ கெங் குவான் இயக்கிய படம். கீப்பர் முத்துவை ஆர். ஆறுமுகத்தின் சாயலில் பார்த்து நம்மவர்கள் கண் கலங்கினார்கள். நியாயம்தான். நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்டு, 1988இல் சாலை விபத்தில் இறந்துபோனவர் ஆறுமுகம். முத்துவின் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். மலேசியத் திரையில் அது சின்ன விஷயம் இல்லை. அணித்தலைவன் பாத்திரத்தில் ‘தவுக்கே’யின் நிழல் இருக்கிறது. அவனுக்குக் கோபம் இருக்கிறது, குற்றவுணர்வு இருக்கிறது, நாடு இருக்கிறது. ஆனால் அவனுடைய தற்காப்பு எப்படிப்பட்டது என்று சொல்லும் ஒரு காட்சிகூட என் மனத்தில் தங்கவில்லை. படத்துக்குக் கோல் தேவைப்பட்டது. நமக்கும் அதுதான் தேவைப்பட்டது. இயக்குநரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இது இன்றைய வியாதியும் இல்லை. புறத்திணைகளை நினைத்துப் பாருங்கள். கோட்டையை முற்றுகையிடுவது உழிஞை. கோட்டையைக் காப்பது நொச்சி. தொல்காப்பியத்தில் நொச்சிக்குத் தனித் திணை கிடையாது. காப்பவனின் வேலையும் உழிஞைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலையில்தான் ஐயனாரிதனார் நொச்சியைப் பிரித்துத் தனிப் படலமாக வைக்கிறார். காப்பவன் தன் பூவைத் தனியாகச் சூடிக்கொள்ள அத்தனை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இலக்கணம் ஒருவழியாகக் கொடுத்த அந்த இடத்தை நம் கடைப் பேச்சு இன்னும் கொடுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, தற்காப்பில் தேறி வருவது என்றால் எதைப் பார்ப்பது? நான் எஸ். குணாளனை வைத்துச் சொல்கிறேன்.

குணாளன் முதலில் நமக்குத் தெரிய வந்தது விங்கராக. நெகிரி செம்பிலானில் வலது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த வேகக்காரர். 2010இல் கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து சுசுகி கிண்ணம் வென்ற தேசிய அணியில் அவரும் இருந்தார். இந்தோனேசியாவை டிசம்பர் 26இல் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று அடித்து, மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்று, மொத்தக் கணக்கில் கிண்ணத்தைத் தூக்கிய அந்த அணி. பிறகு சிலாங்கூர். அப்புறம் ஜொகூர் டாருல் தக்சிம். அங்கேதான் அவர் பெரும்பாலும் வலது பெக்காக நின்றார். முப்பதைத் தாண்டியும் பல வருடம், நாட்டின் மிக வலுவான அணியில்.

விங்கரைப் பின்னால் இழுத்துத் தற்காப்பில் போடுவது காகிதத்தில் சுலபம். ஓட்டம் இருக்கிறது, ஓரக்கோடு பழக்கம். ஆனால் விங்கரின் உடம்பு பந்தைத் தேடிப் போகப் பழகிய உடம்பு. பெக் பந்தை விட்டுவிட்டு ஆளையும் இடத்தையும் பார்க்க வேண்டும். பந்து மறு ஓரத்தில் இருக்கும்போது தன் ஓரத்தைக் காலியாக விட்டு உள்ளே ஒடுங்க வேண்டும். எதிராளி நேரே வரும்போது பாயாமல், பக்கவாட்டில் திரும்பி நின்று, பின்வாங்கிக்கொண்டே அவனைக் கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பாயாமல் இருப்பதுதான் கஷ்டம். வேகம் உள்ளவனுக்கு இன்னும் கஷ்டம். ஏனென்றால் வேகம் தப்பை மூடிவிடும். தப்பான இடத்தில் நின்றாலும் ஓடிப் பிடித்துவிடலாம். கடையில் எல்லாரும் “என்னா ஸ்பீடு லா!” என்று மேசையைத் தட்டுவார்கள். அந்த ஓட்டத்தைத் தேவையில்லாமல் செய்யும் இரண்டடி நகர்வை முன்கூட்டியே நகர்ந்திருந்தால் யாரும் தட்டியிருக்க மாட்டார்கள்.

இதில்தான் வேடிக்கை. ஒரு பெக் தேறத் தேற அவன் செய்வது குறைந்துகொண்டே வருகிறது. கடைசி நொடிப் பாய்ச்சல் குறைகிறது. புல்லில் சறுக்குவது குறைகிறது. சட்டை அழுக்காவது குறைகிறது. வயது ஏறி வேகம் குறைந்த பிறகும் குணாளனைப் போன்ற ஒருவர் அந்த இடத்தில் நின்றார் என்றால், வேகம் விட்டுப்போன இடத்தை வேறு ஏதோ நிரப்பியிருக்கிறது என்று அர்த்தம். அந்த ‘வேறு ஏதோ’வைத்தான் நாம் பேசவேயில்லை. “இன்னும் ஓடுறாரே!” என்றுதான் பேசினோம்.

ஐரோப்பாவிலும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2001இல் மான்செஸ்டர் யுனைடெட், யாப் ஸ்டாமை லாசியோவுக்கு விற்றது. அவர் பந்தைப் பறிக்கும் எண்ணிக்கை குறைந்திருப்பதைப் புள்ளிவிவரம் காட்டியதும் அதற்கு ஒரு காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அவரை விற்றது தப்பு என்று அலெக்ஸ் ஃபெர்குசன் பிற்பாடு ஒப்புக்கொண்டார். எண்ணிக்கை குறைந்ததற்குச் சரிவும் காரணமாக இருக்கலாம், தேர்ச்சியும் காரணமாக இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

எண்ணுவதே வீண் என்று சொல்ல வரவில்லை. எதை எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். மெல்பர்னில் குடியேறிய என் அத்தை மகன் இப்போது ஆஸ்திரேலியக் கால்பந்துப் பைத்தியம். முட்டை வடிவப் பந்து, நீள்வட்டத் திடல், ஒரு அணிக்குப் பதினெட்டுப் பேர். அவனுடைய அணியில் இளம் பெக் ஒருவன் வாராவாரம் எப்படி முன்னேறுகிறான் என்று எனக்கு நீள நீளமாகக் குரல் பதிவு அனுப்புவான். முதலில் எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஒரு விஷயம் மட்டும் காதில் ஒட்டிக்கொண்டது. அந்த ஆட்டத்தில் ‘ஒன் பெர்சென்ட்டர்’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எதிராளி பிடிக்கப் போகும் பந்தைக் குத்தித் தட்டிவிடுவது, அவன் உதைக்கும்போது குறுக்கே விழுந்து தடுப்பது, சக ஆட்டக்காரனுக்கு வழி ஒதுக்கித் தருவது போன்ற சில்லறை வேலைகளை எல்லாம் சேர்த்து எண்ணுகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு சதவீதம்தான் பெறும் என்பதுபோல ஒரு பெயர். பந்து அவன் கைக்கு வராது, புள்ளியும் வராது. ஆனால் கணக்கில் வரும்.

அந்தக் கணக்கு முழுமையானது என்று நினைக்கவில்லை. நல்ல இடத்தில் நிற்பதை அதுவும் எண்ணாது. ஆனால் அந்தப் பெயர் ரசிகனின் வாயில் ஒரு சொல்லை வைத்திருக்கிறது. சொல் இருந்தால் கண் தேடும். என் அத்தை மகன், கிள்ளானில் வளர்ந்தபோது எந்தப் பெக்கையும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதவன், ஒருவனுடைய குத்துகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறான். “போன மாசம் மூனு தடவ லேட்டு, இந்த மாசம் ஒரே தடவதான்” என்கிறான். ஆளைப் போன மாதத்து ஆளோடு ஒப்பிடுகிறான் என்பதைக் கவனியுங்கள். சந்தோக் சிங்கோடு ஒப்பிடவில்லை.

இதெல்லாம் வெறும் ரசனைப் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். இங்கே அதற்கு விலை இருக்கிறது.

தோட்டங்கள் இருந்த காலத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு திடல் இருந்தது. பால்மரத்துக்குப் போய் வந்த அப்பாவும் மகனும் அதே திடலில் ஆடினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங் அடுக்குமாடிகளுக்கு வந்தபோது திடல் கூட வரவில்லை. தேசிய அணியில் நம் பெயர்கள் குறைந்ததற்கு அரசியல் காரணங்கள் பேசப்படுகின்றன. பேசத்தான் வேண்டும். அதோடு இந்தத் திடல் கணக்கையும் பேச வேண்டும்.

அந்த இடைவெளியை நிரப்ப ஒரு முயற்சி நடந்தது. மலேசிய இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் மிஃபா அணி தேசிய லீக்குக்குள் வந்து, சூப்பர் லீக்குக்கு உயர்ந்து, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆனது. 2022இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், பி. மணியத்தின் பயிற்சியில், உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்து சூப்பர் லீக் ஆடினார்கள். அந்த ஆண்டோடு அணி லீக்கிலிருந்து விலகியது. கிளானா ஜெயாவில் எம்பிபிஜே அரங்கம். கேஎல் சென்ட்ரலிலிருந்து எல்ஆர்டி பிடித்தால் போய்விடலாம். நான் போன ஆட்டங்களில் காலி இருக்கைகள்தான் அதிகம். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் அதே இரவு இங்கிலாந்து லீக் பார்க்க நாற்காலி கிடைக்காது.

அந்த அணியில் இடது பெக்காக நின்றவர் வி. ருவேந்திரன். 2001இல் பிறந்தவர். 2022 கடைசியில் ஆசியான் கிண்ணப் போட்டிக்கான தேசிய அணியில் அவர் பெயர் வந்தபோது முதல் வாக்கியம் எல்லாக் கடையிலும் ஒலித்தது. “நம்ம பையன்டா!” அரையிறுதியில் தாய்லாந்தைப் புக்கிட் ஜாலிலில் 1-0 என்று வென்று, அங்கே போய் 0-3 என்று தோற்றதும் இரண்டாவது வாக்கியம் தற்காப்பு வரிசை மொத்தத்தின் மேலும் விழுந்தது. இடையில் எவ்வளவு காலம்? மூன்று நாள். எந்தக் கோலில் யார் எங்கே நின்றார், நடுத்திடலில் பந்து ஏன் போனது என்று கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. இருபத்தொரு வயதில் இடது பெக் கற்றுக்கொண்டிருக்கும் வயது. கற்றுக்கொள்ள ஆட்டம் வேண்டும், ஆட்டத்துக்கு அணி வேண்டும், அணிக்கு இருக்கையில் ஆள் வேண்டும். தேறி முடித்த பிறகு வருகிறேன் என்று சொல்கிற ரசிகன், தேறுவதற்கான இடமே காலியாகிப் போவதற்கும் கொஞ்சம் பொறுப்பு.

மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன். “நம்மாளுக்கெல்லாம் எங்க எடம் குடுக்கப் போறானுங்க.” இதை இளக்காரமாகப் பார்க்க நான் தயாராக இல்லை. இந்த நாட்டில் வாழ்ந்தவன் எவனும் அது வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டான். ஆனால் ஒரு பையன் ஆடவே இல்லை என்றால் அதைச் சொல்லலாம். ஆடிக்கொண்டிருக்கும்போதும் அதையே சொன்னால், அவனைப் பார்க்காமல் இருக்க அது ஒரு வசதியான காரணமாகிவிடுகிறது. அவனுக்கு அநீதி நடந்ததென்று வாதாட வேண்டுமானால்கூட, அவன் எதில் நல்லவன் என்று நாலு விவரம் நம் கையில் வேண்டும். “நம்மாளு” என்பது விவரம் ஆகாது.

‘அப்ப பையன்களத் திட்டவே கூடாதாண்ணே?’ என்று நண்பர்களில் இளையவன் ஒருவன் கேட்டான். தாராளமாகத் திட்டலாம் தம்பி. தேறி வருகிறான் என்பது சான்றிதழ் இல்லை. உள்ளதில் கடுமையான விமர்சனம் அதுதான், ஏனென்றால் போன ஆட்டத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். “போன மேச்சுலயும் இதே எடத்துல பந்தப் பாத்துக்கிட்டு ஆள விட்டான், இன்னிக்கும் விட்டுட்டான்” என்பது “ஓட்ட வாளி”யைவிடக் கூர்மையானது. அதைக் கேட்டால் பையன் திருத்திக்கொள்ளக்கூட முடியும். வாளி என்ன செய்யும்?

இதை ஓர் இலக்கிய இதழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்கே ஓர் இளைஞன் முதல் சிறுகதைத் தொகுப்பு போட்டால் என்ன நடக்கிறது? மண்டபம், மாலை, பொன்னாடை, “நம்ம பையன்.” இரண்டாவது புத்தகம் வரும்போது தமிழ்நாட்டு மேதைகளின் பக்கத்தில் நிறுத்தி வைத்து, “ஓட்ட வாளி.” விருது கிடைக்காவிட்டால், “நம்மாளுக்கு எங்க குடுப்பானுங்க.” முதல் புத்தகத்தில் உரையாடல் மரக்கட்டையாக இருந்தது, இரண்டாவதில் உயிர் வந்திருக்கிறது, ஆனால் முடிவுகளில் இன்னும் அவசரம் என்று எழுத யாருமில்லை. அதை எழுத இரண்டு புத்தகத்தையும் படித்திருக்க வேண்டும். சின்னச் சமூகத்தில் ஆள்கள் குறைவு என்பதால் ஒவ்வொருவன் தலையிலும் மொத்தச் சமூகத்தையும் ஏற்றுகிறோம். அந்தப் பாரத்தோடு எவனும் பக்கவாட்டில் திரும்பி நின்று பின்வாங்கக் கற்றுக்கொள்ள முடியாது. பாயத்தான் தோன்றும்.

எனவே ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த தடவை உள்ளூர் ஆட்டம் எதற்காவது போங்கள், நேரில். பந்தை மறந்துவிட்டு ஒரே ஒரு பெக்கைப் பத்து நிமிடம் பாருங்கள். அவன் தமிழனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பந்து மறுபக்கம் இருக்கும்போது எங்கே நிற்கிறான், எத்தனை தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறான், பக்கத்தில் நிற்பவனிடம் வாய் திறந்து பேசுகிறானா. அடுத்த மாதம் மறுபடி போய் அதே ஆளை, அதே பத்து நிமிடம். இரண்டாவது தடவை திரும்பும்போது ரயிலில் உங்கள் கூட்டாளியிடம் சொல்ல உங்களுக்கு நாலாவது வாக்கியம் ஒன்று கிடைக்கும். கிடைக்காமலும் போகலாம், பையன் உண்மையிலேயே தேறாமல் இருக்கலாம். அப்போதும் எதில் தேறவில்லை என்று உங்களால் சொல்ல முடியும்.